வாசிகசாலையில் ஒரு வழிகாட்டி

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழகத்திற் பயிலும் உறுப்பினர்கள் சார்பில் இவ்விழாவிலே ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் எம்மைப் பணித்தார். நாங்கள் கூடி ஆலோசித்து, நூலகப் பணியாளரைப் பயிற்றுதல் என்னும் பொருளைத் தேர்ந்துகொண்டோம். கேட்ட மாத்திரத்தில், 'இது பிரதேச சபை பார்க்க வேண்டிய வேலையன்றோ! வாலிபர் சங்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?' என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அந்தக் கேள்விக்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

முன்னாளில் நம் தோட்டங்களிலே எழுதப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலர். இந்தியாவிலுள்ள உறவினருக்குக் கடிதம் எழுதவேண்டுமாயினும், துரைக்கு ஒரு மனு எழுதவேண்டுமாயினும், எழுத்தறிந்த ஒருவரைத் தேடிச் செல்லவேண்டும். அவர் நல்லவராயிருந்தால் எழுதுவார், எழுதியதை வாசித்துக் காட்டுவார், கேட்ட செய்தியைத் தம் நெஞ்சோடு வைத்துக்கொள்வார். அல்லாதவராயிருந்தால், ஒரு குடும்பத்தின் கடனும் கண்ணீரும் மறுநாட் காலைப் பிரட்டுக்களத்திலே பேச்சாகிவிடும். எழுத்தறியாமையினால் நம் மூதாதையர் இழந்தது படிப்பின்பம் மட்டுமன்று. தம் வாழ்க்கையின் இரகசியத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் உரிமையையும் அவர்கள் இழந்தார்கள்.

அந்தக் காலம் போய்விட்டது என்று நாம் மகிழ்ந்திருந்தோம். இன்று அது வேறொரு வடிவத்தில் திரும்பி வந்திருக்கின்றது. பரீட்சைப் பெறுபேறுகள் இணையத்தில் வெளியாகின்றன. பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பமும் இணைய வழியே செல்கின்றது. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்களும் கைத்தொலைபேசிக்குள் புகுந்தன. 2022ஆம் ஆண்டில் எரிபொருள் பெறுவதற்குக்கூடக் கியூஆர் குறியீடு வேண்டியதாயிற்று. 2023ஆம் ஆண்டில் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு தொடங்கியபோது, பட்டியலிற் பெயர் விடுபட்டோர் இணைய வழியிலும் மேன்முறையீடு செய்யலாம் என்று அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு நல்லதுதான். ஆனால் லயத்திலே இருக்கும் ஒரு பாட்டி எந்த வழியாற் சென்று அந்த மேன்முறையீட்டைச் செய்வாள்?

அவள் செய்வது இதுதான். தன் அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி, டவுனிலுள்ள கொமியுனிகேசன் கடைக்குச் செல்கின்றாள். அங்குள்ள பிள்ளை கூட்டத்தின் நடுவே நின்று அவசரமாகத் தட்டிக் கொடுக்கின்றான். அவன் என்ன தட்டினான் என்பது அவளுக்குத் தெரியாது. கடவுச்சொல் அவனிடம் இருக்கின்றது. பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால் அதைத் திருத்த மறுபடியும் பஸ் காசு, மறுபடியும் கடைக் கூலி, ஒரு நாட் சம்பளமும் போயிற்று. கடைக்காரரை நாங்கள் குறை கூறவில்லை. அவர் செய்வது வியாபாரம். ஒருவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து கற்பிப்பது அவர் தொழிலன்று. ஆயின் அது யாருடைய தொழில்?

அது நூலகப் பணியாளரின் தொழில் என்பதே எமது கருத்து.

நூலகம் என்றதும் அலுமாரியும் புத்தகமும் 'அமைதி காக்கவும்' என்ற பலகையுமே பலருக்கு நினைவு வரும். நூலகக் கலைக்கு உலகெங்கும் ஆசானாகப் போற்றப்படும் ஒரு தமிழர் அவ்வாறு எண்ணவில்லை. சீர்காழியிலே 1892ஆம் ஆண்டிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் அவர்கள், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் கணிதம் பயின்று, கணிதமே கற்பித்து, 1924ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். இங்கிலாந்து சென்று அங்குள்ள நூலகங்கள் நடக்கும் முறையை நேரிற் கண்டு திரும்பினார். 1931ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் இன்றும் நூலகவியலின் அடிப்படையாக உள்ளன. அவற்றின் சாரத்தை எமது சொற்களிற் கூறுவதாயின், நூலைப் பூட்டி வைப்பது நூலகம் அன்று. வருகின்றவருக்கு வேண்டியது கிடைக்கவேண்டும். அவருடைய நேரம் வீணாகக் கூடாது. காலம் மாற நூலகமும் வளர வேண்டும். இந்த விதிகளுக்குள் கணனியும் அடங்கும், கைத்தொலைபேசியும் அடங்கும். வந்தவருக்கு வேண்டியது பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியாயின், அதைப் பெறும் வழியைக் காட்டுவதும் நூலகப் பணியே.

நாம் கவனிக்க வேண்டிய மற்றொன்று உண்டு. இவ்விதிகளை நூலாக வெளியிடுவதற்கு முன்னரே, 1929ஆம் ஆண்டிற் சென்னை நூலகச் சங்கத்தின் மூலம் நூலகப் பணியாளருக்குப் பயிற்சிப் பள்ளியை அவர் தொடங்கிவிட்டார். ஆளைப் பயிற்றாமற் கட்டடம் எழுப்பிப் பயனில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். அந்த 1931ஆம் ஆண்டிலேயே, ஒக்டோபர் மாதத்தில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலே கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டு வண்டியிற் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பும் நடமாடும் நூலகத்தைத் தொடக்கினார். மக்கள் நூலகத்துக்கு வர முடியாவிடின் நூலகம் மக்களிடம் செல்லவேண்டும் என்ற எண்ணம் தமிழர் நாட்டிலே அப்போதே முளைவிட்டது.

இனி நம் கொத்மலைக்கு வருவோம். கொத்மலை என்றதும் வெளியூரார்க்கு நீர்த்தேக்கமே நினைவுக்கு வரும். மகாவலித் திட்டத்தின் கீழ் அணை கட்டப்பட்டு, 1985ஆம் ஆண்டளவில் நீர் நிறைந்தது. வயலும் வீடும் அதனுள் மூழ்க, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேறிடம் பெயர்ந்தன. அவ்வாறு பெயர்ந்தோருக்கும் புதிய குடியேற்றங்களில் வாழ்வோருக்கும் பயன்படவென்று, யுனெஸ்கோவினதும் டென்மார்க் அரசினதும் துணையோடு, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1981ஆம் ஆண்டில் மகாவலி சமுதாய வானொலியைத் தொடக்கியிருந்தது. அதன் கிளையாக 1989ஆம் ஆண்டில் எழுந்ததே கொத்மலை சமுதாய வானொலி.

அந்த வானொலி நிலையத்தில் 1990களின் இறுதியில் நடந்த ஒரு காரியம் உலகின் கவனத்தை ஈர்த்தது. கொழும்பிலேயே இணையம் சிலருக்கு மட்டும் வாய்த்திருந்த அந்நாளில், யுனெஸ்கோ, ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், கொழும்புப் பல்கலைக்கழகம் முதலியன கூடி இந்த மலைநாட்டு வானொலி நிலையத்துக்கு ஓர் இணைய இணைப்பைக் கொடுத்தன. அதன் வேகம் விநாடிக்கு 64 கிலோபிற். இன்று நம் சட்டைப் பையிலுள்ள கைத்தொலைபேசியின் வேகத்தோடு ஒப்பிட்டால் அது எறும்பு ஊர்வது போன்றது. ஆனால் அந்த எறும்பு கல்லைத் தேய்த்தது. எவ்வாறெனில், நேயர்கள் தம் ஐயங்களைக் கடிதத்தாலும் தொலைபேசியாலும் நிலையத்துக்குத் தெரிவித்தார்கள். பயிருக்கு வந்த நோய், பிள்ளைக்கு வந்த நோய், பாடசாலைப் பாடம் என்று கேள்விகள் பலவாறாக வந்தன. ஒலிபரப்பாளர் இணையத்திலே தேடி, ஆங்கிலத்திற் கண்டதைப் படித்து, துறை அறிந்தவரை அருகில் அமர்த்தி, மக்கள் பேசும் மொழியில் வானொலி மூலம் விளக்கினார். கணனியைக் கண்ணாற் காணாதவரும் இணையத்திலிருந்த அறிவைக் காதாற் பெற்றனர்.

அன்பர்களே, அந்த ஒலிபரப்பாளர் செய்த வேலையைச் சற்று உற்று நோக்குங்கள். கேட்டவரின் தேவையை அறிந்தார், அதற்குரிய விடயத்தைத் தேடினார், மெய்யானதைத் தெரிந்தெடுத்தார், கேட்டவருக்கு விளங்கும் மொழியிற் கொடுத்தார். இந்த நான்கும் நூலகரின் வேலைகள். பெயரில் அது வானொலி. செயலில் அது ஒரு நூலகம். அத்திட்டத்தைச் செய்தவர்களும் இதை உணர்ந்திருந்தார்கள் போலும். வானொலி நிலையத்திலே பொதுமக்களுக்குக் கணனி வைத்ததோடு நில்லாமல், கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் உள்ள பொது நூலகங்களிலே இணைய நிலையங்களை அமைத்தார்கள். நூலகத்துக்குள் இணையம் என்ற எண்ணம் நமக்கு மேனாட்டிலிருந்து இனிமேல் வரவேண்டியது அன்று. கால் நூற்றாண்டுக்கு முன்னரே அது நம் வாசலுக்கு வந்துவிட்டது.

அதன் தொடர்ச்சியாக, 2008ஆம் ஆண்டளவில் அதே வானொலி நிலையம் ஒரு முச்சக்கர வண்டியிலே கணனியையும் அச்சுப் பொறியையும் வைத்து, கூரைமேல் ஒலிபெருக்கி கட்டி, இணைய வசதியோடு ஊரூராக அனுப்பியது. மேலவாசலின் மாட்டு வண்டிக்கும் கொத்மலையின் முச்சக்கர வண்டிக்கும் இடையில் ஏறக்குறைய எழுபத்தேழு ஆண்டுகள். வண்டி மாறியது, நோக்கம் மாறவில்லை.

இவற்றுக்கிடையே, 2005ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் 'நெனசல' என்ற பெயரில், தமிழில் அறிவகம் என்ற பெயரில், நாடெங்கும் நூற்றுக்கணக்கான கணனி நிலையங்களைத் திறந்தது. நூலகங்களிலும் கோயில்களிலும் விகாரைகளிலும் அவை அமைந்தன. நூலகங்களோடு சேர்ந்த அறிவகத் திட்டத்துக்கு 2014ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கேற்ஸ் அறக்கட்டளை பத்து இலட்சம் டொலர் பரிசளித்தது. நம் நாடு பெருமை கொள்ளத்தக்க நிகழ்ச்சி அது. ஆயினும் அந்நிலையங்களுட் பல இன்று இயங்குவதில்லை. இயந்திரம் பழுதாயிற்று, கட்டணம் கட்ட வழியில்லை, கைத்தொலைபேசி வந்ததும் ஆள் வரவு குறைந்தது என்று காரணங்கள் பல. எமக்குத் தோன்றும் பெருங்காரணம் ஒன்று. இயந்திரத்தை வாங்குவதற்கு ஒரு தடவை பணம் போதும். இயந்திரத்தின் அருகே அமர்ந்திருக்கும் மனிதருக்கோ ஆண்டுதோறும் ஊதியமும் பயிற்சியும் மதிப்பும் வேண்டும். முன்னதற்கு விழா உண்டு, நாடா வெட்டுதல் உண்டு. பின்னதற்கு அவை இல்லை. ஆதலால் முன்னதே நடக்கின்றது.

நம் தோட்ட மக்களுக்கு இதைவிடப் பெரியதொரு தடையும் இருந்தது. ஊர்ப்புற நூலகங்களை நடத்துபவை பிரதேச சபைகள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளில் அச்சபைகள் தம் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. வாக்களிப்பவர் தோட்டத்தவர்; ஆனால் சபையின் பணம் தோட்ட எல்லையில் நின்றுவிடும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த இந்நிலை 2018ஆம் ஆண்டிற் கொண்டுவரப்பட்ட திருத்தத்தினால் மாறியது. இன்று தோட்டத்திலே ஒரு வாசிகசாலையை நடத்துவதற்கும், அதற்கு ஒரு பணியாளரை நியமிப்பதற்கும் சபையிடம் நாம் கேட்கலாம். கேட்பதற்கு வழி திறந்துவிட்டது. கேட்பவர் யார் என்பதே கேள்வி.

அப்படியாயின் நூலகப் பணியாளருக்கு எத்தகைய பயிற்சி வேண்டும்? நாங்கள் எண்ணியவற்றை வரிசையாகக் கூறுகின்றோம். பெரியோர் குறை கண்டால் திருத்தி அருளவேண்டும்.

முதலாவது, கைப்பயிற்சி. கணனியை ஏற்றி இறக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. தமிழிலே தட்டத் தெரியவேண்டும். நம் நாட்டில் நெடுங்காலம் பாமினி எழுத்துருவிலே தமிழ் அச்சடித்து வந்தோம். அவ்வெழுத்துரு இல்லாத கணனியிலே அதைத் திறந்தால் ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் சிதறிக் கிடக்கும். இணையப் படிவங்களுக்கு யூனிகோட் தமிழ் வேண்டும். இந்த வேறுபாடு தெரியாததனால் எத்தனை விண்ணப்பங்கள் வீணாகின்றன! நிழற்படத்தை உரிய அளவுக்குக் குறைத்தல், பத்திரத்தை வருடிச் சேமித்தல், அனுப்பியதற்கு அத்தாட்சி இலக்கத்தைக் குறித்து வைத்தல் போன்ற சிறு காரியங்கள் கைவரவேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஒரு நாட் கருத்தரங்கும் ஒரு சான்றிதழும் பயிற்சி ஆகா. வாரத்துக்கு ஓர் அரை நாளாகச் சில மாதம், மெய்யான மனிதரின் மெய்யான அலுவலை வைத்துப் பழக வேண்டும்.

இரண்டாவது, பத்திரங்களின் அறிவு. நம் மக்களின் தொல்லைகளிற் பெரும்பகுதி பெயரிலேயே தொடங்குகின்றது. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறோர் எழுத்து, தோட்டத்துச் செக்றோலில் வீட்டுப் பெயர், ஊழியர் சேமலாப நிதியில் மற்றொன்று. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கச் செல்லும்போதுதான், நால்வரும் ஒருவர்தானா என்ற கேள்வி எழுகின்றது. ஆயுள் முழுதும் கொழுந்தெடுத்த ஒருத்தியின் பணம் ஓர் எழுத்தினாலே காத்துக் கிடக்கின்றது. எந்தப் பத்திரத்தை முதலில் திருத்துவது, எந்த அலுவலகத்துக்குச் செல்வது, எது இணையத்தில் முடியும், எதற்கு நேரிற் செல்லவேண்டும் என்பவற்றை நூலகப் பணியாளர் அறிந்திருக்க வேண்டும். அவர் சட்டத்தரணி அல்லர். தம் எல்லையை உணர்ந்து உரியவரிடம் அனுப்பத் தெரிவதும் பயிற்சியின் ஒரு பாகம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு விண்ணப்பம் எழுத அவர் உதவினால், பதில் வராத பல கடிதங்களுக்குப் பதில் வரும்.

மூன்றாவது, மொழி. நம் பிரதேசத்தில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் கலந்து வாழ்கின்றார்கள். பல படிவங்களில் தமிழ்ப் பகுதி குறைவாகவோ பிழையாகவோ இருக்கும். நூலகப் பணியாளர் இரு மொழியும் அறிந்தவராயிருத்தல் நலம். அதற்கு மேலும் ஒன்று வேண்டும். கலைச்சொற்களை அடுக்காமல், லயத்து மொழியிலே சொல்லத் தெரியவேண்டும். 'கடவுச்சொல் என்பது வீட்டுத் திறப்புப் போன்றது, அதை யாரிடமும் கொடுக்காதே அம்மா' என்று சொன்னால் எந்தப் பாட்டிக்கு விளங்காது?

நான்காவது, பொறுமை. கொழுந்து பறித்துப் பறித்துக் காய்த்துப் போன விரலைத் தொடுதிரை எளிதில் உணர்வதில்லை. இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, 'நமக்கு இதெல்லாம் வராது தம்பி' என்று அவர்கள் கையை எடுத்துவிடுவார்கள். அந்தக் கணத்திலே கருவியைப் பிடுங்கித் தாமே செய்து முடிப்பவர் உதவி செய்கின்றார், ஆனால் கற்பிக்கவில்லை. அந்த விரலையே மறுபடி திரையில் வைக்கச் செய்பவரே நூலகப் பணியாளர். அலுவல் முடிவது பாதி. அடுத்த முறை அவரே செய்வது மீதி.

ஐந்தாவது, இரகசியம் காத்தல். தொடக்கத்தில் நாம் கூறிய கடிதம் எழுதுபவரை நினைவுகூருங்கள். நூலகப் பணியாளர் ஒருவரின் வங்கி இலக்கத்தையும், நோயையும், குடும்பச் சிக்கலையும் காண நேரும். கண்டது அந்த மேசையோடு நிற்கவேண்டும். கடவுச்சொல்லை உரியவரே தட்டவேண்டும். தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை உரியவரே பார்க்கவேண்டும். முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறச் செய்து, பத்திரத்தின் படத்தைக் கணனியிலிருந்து அழித்துவிட வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்பை வலியுறுத்துகின்றது. சட்டம் இல்லாவிடினும் மனச்சாட்சி அதையே வலியுறுத்தும்.

ஆறாவது, மெய்யையும் பொய்யையும் பிரித்தறிதல். வெளிநாட்டில் வேலை என்று வட்சப்பிலே ஒரு செய்தி வருகின்றது. பணம் கட்டுமுன், அந்த முகவர் அனுமதி பெற்றவரா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் இணையத்தளத்திற் பார்த்துக்கொள்ளலாம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? மழைக்காலத்திலே மண்சரிவு பற்றி வதந்திகள் பறக்கின்றன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுகின்றது. எந்த நிறத்துக்கு விழிப்பாயிருக்க வேண்டும், எந்த நிறத்துக்கு வீட்டை விட்டே வெளியேற வேண்டும் என்பதை நூலகப் பலகையில் எழுதி வைத்து, கேட்போருக்கு விளக்கும் ஒரு பணியாளர் உயிரையே காக்கக்கூடும்.

இவ்வளவும் கூறக் கேட்டபின், ஒரு சிலர் மனத்தில் எழக்கூடிய தடைகளுக்கு விடை கூறுவது எமது கடமை.

'எல்லோர் கையிலும் கைத்தொலைபேசி இருக்கின்றதே, நூலகம் எதற்கு?' என்பர். வீட்டில் அரிவாள் இருப்பதனால் எல்லோரும் தச்சர் ஆகிவிடுவதில்லை. பல வீடுகளில் ஒரே தொலைபேசிதான். அதுவும் தந்தையிடமோ மூத்த மகனிடமோ இருக்கும். தாய்க்கும் மகளுக்கும் தனியாக ஓர் அலுவல் பார்க்க இடம் வேண்டும். அந்த இடம் அச்சமின்றிப் பெண்கள் வரக்கூடியதாயும், இயன்றவரை பெண் பணியாளர் உள்ளதாயும் இருக்கவேண்டும்.

'உள்ள பணியாளருக்கே வேலை அதிகம். இதையும் எப்படிச் செய்வார்?' என்பர். உண்மைதான். அதனாலேதான் ஆளும் நேரமும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்கின்றோம். நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாலை நிறுவை முடிந்து, மலையிறங்கி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவிலிருந்து எடுத்துக்கொண்டு ஒரு பெண் வீடு சேரும்போது நூலகம் பூட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமையில் திறவாத நூலகம் தொழிலாளிக்கு நூலகம் அன்று.

'பிள்ளைகள் விளையாட்டும் சினிமாவும் பார்த்துக் கெட்டுப்போவார்கள்' என்பர் சில பெரியோர். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் தனியறையில் யாரும் அறியாமற் பார்ப்பதைவிட, ஒழுங்கு உள்ள பொது இடத்தில், அறிந்த ஒருவரின் அருகில், நல்லதைத் தேடப் பழகுவது மேலன்றோ? 2005ஆம் ஆண்டு முதல் நம்மவர் வளர்த்துவரும் 'நூலகம்' என்னும் இணைய நூலகத்திலே ஈழத்து நூல்களும் பழைய பத்திரிகைகளும் மலர்களும் ஆயிரக்கணக்கிற் கிடைக்கின்றன. மலையகத்தவரின் எழுத்துக்களும் அங்கு உள்ளன. ஒரு மாணவனுக்கு அதைத் திறந்து காட்டியவர் அவனுக்கு ஒரு பெரிய வாசிகசாலையின் திறப்பையே கொடுத்தவராவார்.

இனி எமது சங்கம் செய்யக்கூடியவை யாவை? பெருந்தொகை வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. மூன்று காரியங்களை முன்வைக்கின்றோம்.

ஒன்று, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் வாலிபரும், விடுமுறையில் ஊர் திரும்பும் பல்கலைக்கழக மாணவரும் முறைவைத்து, ஞாயிறுதோறும் இருவர் இருவராக அண்மையிலுள்ள நூலகத்திலே பணியாளருக்குத் துணையாக அமரவேண்டும். அவர் இடத்தை நாம் பிடிக்கச் செல்லவில்லை. அவர் நூலக ஒழுங்கை எமக்குக் கற்பிக்க, நாம் கருவியின் பழக்கத்தை அவருக்குக் காட்டுவோம். குறிப்பாக, பல்கலைக்கழக விண்ணப்பக் காலத்தில் இது பேருதவியாகும். பாடநெறிகளை விருப்ப வரிசையில் அடுக்குவதில் ஏற்படும் ஒரு தவறு, கெட்டிக்காரப் பிள்ளையின் வாழ்க்கைப் பாதையையே மாற்றிவிடும்.

இரண்டு, ஒரு குறிப்புப் புத்தகம். எந்தக் கேள்விக்காக மக்கள் வந்தார்கள் என்பதை, வந்தவரின் பெயரை எழுதாமல், கேள்வியை மட்டும் எழுதி வைக்கவேண்டும். அந்த ஏட்டைப் பார்த்தால் எந்தப் பயிற்சி அடுத்துத் தேவை என்பது தெரியும். அதைக் கொண்டே எளிய தமிழில் ஒரு கைந்நூலை நாம் ஆக்கலாம். கொத்மலை வானொலிக்கு அன்று வந்த கடிதங்களே அதன் நிகழ்ச்சியை வழிநடத்தின. நமக்கும் மக்களின் கேள்வியே வழிகாட்டி.

மூன்று, விண்ணப்பம். பிரதேச சபைக்கு நாம் ஒரு மனு அளிக்கவேண்டும். புதிய கணனி வேண்டும் என்பதோடு அம்மனு நின்றுவிடக் கூடாது. கணனி ஒன்று கேட்குமிடத்து, பயின்ற பணியாளர் ஒருவரையும் உடன் கேட்கவேண்டும். 1960ஆம் ஆண்டு முதல் இயங்கும் இலங்கை நூலகச் சங்கமும், கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகமும் நூலகவியலைக் கற்பிக்கின்றன. நம் தோட்டத்துப் பிள்ளைகளில் இருவரையாவது அத்துறைக்கு அனுப்பி, அவர்கள் திரும்பி வந்து நம் வாசிகசாலையில் அமரும் நாளுக்கு வழி செய்வோம். ஆசிரியராகவேண்டும், எழுதுவினைஞராகவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கின்றோம். நூலகராகு என்று சொன்னவர் நம்மிடையே எத்தனை பேர்?

பெரியோர்களிடம் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பயிற்சி தொடங்கும் நாளிலே முதல் மாணாக்கராக நீங்கள் வந்து அமரவேண்டும். உங்களுக்குக் கற்பிக்கப் பழகிய பணியாளர் யாருக்கும் கற்பிப்பார். நீங்கள் நூலகப் படியேறினால் லயத்திலுள்ள தாய்மாரும் கூச்சமின்றிப் பின்தொடர்வர். நம் ஊரில் எந்த நற்காரியமும் அவ்வாறே தொடங்கியிருக்கின்றது.

நம் மக்கள் இருநூறு ஆண்டுகளாகப் பிறர் கையால் எழுதி, பிறர் வாயாற் கேட்டு, பிறர் சொன்ன இடத்திற் கைரேகை வைத்து வாழ்ந்தவர்கள். எழுத்தைக் கற்று அந்நிலையிலிருந்து ஒருபடி ஏறினோம். இன்று கருவியின் முன்னே மறுபடியும் கைரேகை வைக்கும் நிலைக்கு நாம் இறங்கக் கூடாது. அதற்கு வேண்டியது, கருவியின் அருகே அமர்ந்து, 'நீங்களே தட்டுங்கள் அம்மா, நான் பக்கத்தில் இருக்கின்றேன்' என்று சொல்லும் ஒரு நூலகப் பணியாளர். அவரை உருவாக்கும் பொறுப்பை எமது சங்கம் ஏற்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றோம்.